சிலிண்டரை அளந்த பிறகே சட்டத்தை வெட்டுங்கள்: பட்டறைக்கு ஒரு வெல்டிங் வண்டி, கரட்டு நிலத்துக்கு இன்னொன்று

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் புதிதாகப் பட்டறை தொடங்கியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது. உங்களிடம் 250 ஆம்பியர் மிக் மெஷின் (கேஸின் பாதுகாப்பில், தானாக வந்துகொண்டே இருக்கும் கம்பியால் ஒட்டுவது) ஒன்றும், அதற்கான கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும், ஆக்சிஜனும் எல்.பி.ஜி.யும் கொண்ட கேஸ் கட்டிங் செட்டும், தோளில் மாட்டிச் செல்லக்கூடிய 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷினும் இருக்கின்றன. இவை அனைத்தையும் ஏற்றிக்கொண்டு பட்டறைத் தரையிலும் ஓட வேண்டும், அழைப்பு வந்தால் கல் குவாரிக்கும் மாந்தோப்புக்கும் போக வேண்டும். அப்படிப்பட்ட ஒரே வண்டியை, கையிருப்பில் உள்ள பழைய ஆங்கிளையும் கடையில் கிடைக்கும், ஆணியில் சுழன்று திரும்பும் 4 அங்குலக் காஸ்டர் சக்கரங்களையும் வைத்துச் செய்துகொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

செய்யலாம், ஆனால் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு வண்டிகளாகச் செய்யுங்கள். சக்கரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மிக் மெஷினின் கேஸ், உருகும் உலோகத்தின் மேல் ஒரு போர்வை போல நின்று காற்றைத் தடுக்கிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று வீசினாலே அந்தப் போர்வை கலைந்து, பற்றுக்குள், அதாவது ஒட்டிய உலோகத்துக்குள், சிறு சிறு துளைகள் விழத் தொடங்கும். நம் மாவட்டத்தில் ஆடிக் காற்று அதைவிடப் பல மடங்கு வேகமாக வீசும். மற்ற மாதங்களிலும் கரட்டு மேட்டில் காற்று ஓய்வதில்லை. எனவே திறந்த வெளி வேலைக்கு ராடு போட்டு ஒட்டும் ஆர்க் மெஷினே பொருத்தமானது. மிக் மெஷினும் அதன் கனமான சிலிண்டரும் பட்டறையை விட்டு வெளியே போகத் தேவையில்லை. இந்த முடிவை எடுத்துவிட்டால் வெளி வண்டியின் பாரம் பெருமளவு குறைந்துவிடும், பட்டறை வண்டிக்குப் பெரிய சக்கரம் வேண்டியதில்லை, இரண்டு வேலைகளும் எளிதாகிவிடும்.

ஒரே வண்டியை நம்பி நானும் தொடங்கியவன்தான். பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் பைப்பை வெட்டி ஒட்டப் போனபோது, பட்டறையில் நன்றாக ஓடிய அதே நான்கு காஸ்டர் வண்டியைச் சரளைப் பாதையில் தள்ளினேன். முன் சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது; வண்டி நிற்க, அதன் மேல் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கவில்லை. ஒற்றைச் சங்கிலி மேலே நழுவ, சிலிண்டர் பாறையில் சாய்ந்து விழுந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி வால்வு மூடியை மாட்டியிருந்ததால் மட்டுமே அன்று ஒன்றும் நடக்கவில்லை. நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 150 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு, அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் விழுந்து வால்வின் கழுத்து ஒடிந்திருந்தால், அந்த இரும்பு உருளை எந்தத் திசையில் பாய்ந்திருக்கும் என்பதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்த வண்டியை அன்று மாலையே பிரித்தேன். அதன் பிறகு நான் செய்த ஒவ்வொரு வண்டியிலும் முதலில் அளந்தது சிலிண்டரைத்தான்.

பெரும்பாலானோர் மெஷினை அளந்து, அது உட்காரும் தட்டைச் செய்து, கடைசியில் சிலிண்டருக்குப் பின்பக்கம் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். எடைக் கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. 30 கிலோ கேஸ் பிடிக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், நிரம்பிய நிலையில் சுமார் 80 கிலோ இருக்கும். 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டரில் கேஸின் எடையே 9 கிலோவுக்குக் குறையாது. இரும்போடு சேர்த்து 60 கிலோவைத் தாண்டும். இரண்டுமே சுமார் 23 செ.மீ. விட்டமும் ஒன்றரை மீட்டரை ஒட்டிய உயரமும் கொண்டவை. காலிச் சிலிண்டரின் எடை அதன் தோள்பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் சிலிண்டரில் உள்ள எண்ணையே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மிக் மெஷின் 40, 45 கிலோதான். ஆக, வண்டியில் மிகக் கனமான பொருளும் மிக உயரமான பொருளும் ஒன்றே. வண்டி சாயுமா நிற்குமா என்பதை அந்தச் சிலிண்டரின் அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பட்டறை வண்டியை எண்களாகவே பார்ப்போம். 80 கிலோ சிலிண்டர், 45 கிலோ மெஷின், 25 கிலோ சட்டம், மொத்தம் 150 கிலோ. சிலிண்டரின் அடித்தட்டைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் வைத்து, மெஷினையும் தாழ்வாக உட்கார வைத்தால், எல்லாம் சேர்ந்த எடை மையம் ஏறத்தாழ 63 செ.மீ. உயரத்தில் அமையும். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. அகலம் கொடுத்தால், பக்கவாட்டில் 25 பாகை சாயும் வரை வண்டி கவிழாது. அதே பொருள்களை 30 செ.மீ. உயரத் தட்டில் ஏற்றி, சக்கர அகலத்தையும் 40 செ.மீ. ஆகக் குறைத்துவிட்டால், 14 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். அதாவது, எடையில் கால் பங்கு அளவுக்கு ஒரு பக்கத்தள்ளு, மேலே எடை மையத்தின் உயரத்தில் விழுந்தால் போதும். தரையில் கிடக்கும் கேபிளில் சக்கரம் பக்கவாட்டில் முட்டும்போது அந்த அளவு உதறல் வரத்தான் செய்யும். திரும்பும் காஸ்டரில் இன்னொரு நுணுக்கம் உண்டு: அதன் சக்கரம் ஆணிக்கு நேர் கீழே இருப்பதில்லை, மூன்று நான்கு செ.மீ. தள்ளி இருக்கும். இரண்டு காஸ்டர்களும் உள்பக்கம் திரும்பி நிற்கும் வேளையில் உங்கள் 60 செ.மீ. அகலம் 52 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அளவு போடும்போது அந்தச் சுருங்கிய அகலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதனால் பட்டறை வண்டியில் சிலிண்டரைப் பின்பக்கம், திரும்பாத சக்கரங்களின் அச்சுக்கு அருகில் நிறுத்துங்கள். பின்னால் 8 அங்குலச் சக்கரங்கள் இரண்டு, முன்னால் பிரேக் உள்ள 6 அங்குலக் காஸ்டர்கள் இரண்டு போதும். சிலிண்டரின் அடித்தட்டு பின் அச்சின் மட்டத்துக்கே தாழ்ந்து தொங்கும்படி செய்தால்தான் அந்த 10 செ.மீ. உயரம் கிடைக்கும். அடித்தட்டைச் சட்டத்தின் மேல் வைத்து ஒட்டுவது எளிது; ஆனால் அந்த எளிமைக்காக 15, 20 செ.மீ. உயரத்தை இழக்க வேண்டாம். சக்கரம் தாங்கும் எடையைப் பார்க்கும்போது மொத்தத்தை நான்கால் வகுக்காதீர்கள். எந்தத் தரையும் முழு மட்டமாக இருப்பதில்லை. ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் சற்றுத் தூக்கியே நிற்கும். மூன்றால் வகுத்து, 150 கிலோவுக்கு ஒரு சக்கரத்தின் மேல் 50 கிலோ என்று வைத்து, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு தாங்கும் சக்கரத்தை வாங்குங்கள். நைலான், பாலியூரித்தேன் சக்கரங்களில் சூடான கசடும் கிரைண்டர் பொறியும் பதிந்து, சில மாதங்களில் சக்கரம் மேடு பள்ளமாகிவிடும். வெட்டும் வேலை அதிகமுள்ள பட்டறைக்கு வார்ப்பிரும்புச் சக்கரமே என் தேர்வு. சத்தம் வரும், ஆனால் உழைக்கும். ஹோஸ் மேல் மட்டும் ஏற்றக் கூடாது.

இனி வெளி வண்டி. 4 அங்குலக் காஸ்டர் ஏன் உதவாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 5 செ.மீ. ஆரம் உள்ள சக்கரம் 2 செ.மீ. உயரக் கல்லின் மேல் ஏற வேண்டுமென்றால், அந்தச் சக்கரம் தாங்கும் எடையைப் போல 1.33 மடங்கு விசையில் அச்சை முன்னோக்கி இழுக்க வேண்டும். 35 கிலோ தாங்கும் சக்கரம் என்றால் அது 47 கிலோ இழுப்பு. சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ. ஆக இருந்தால் அதே கல்லுக்கு எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, அதாவது 17 கிலோ இழுப்பு போதும். கல்லின் உயரம் 5 செ.மீ. ஆகிவிட்டால் சின்னச் சக்கரத்துக்கு அது சுவர்தான். எவ்வளவு இழுத்தாலும் ஏறாது, வண்டிதான் குப்புற விழும். கிருஷ்ணகிரி குவாரிகளின் வழியில் கிடக்கும் கருங்கல் சில்லுகளில் 5 செ.மீ. என்பது சிறிய கல்.

பெரிய சக்கரம் என்று முடிவான பிறகு நான்கு சக்கரமா, மூன்றா, இரண்டா என்ற கேள்வி வரும். நான்கு சக்கரத்தை இறுக்கமான சட்டத்தில் பொருத்தினால், மேடு பள்ளத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதைத் தவிர்க்க டிராக்டரின் முன் அச்சைப் போல நடுவில் ஒற்றை ஆணியில் ஆடும் அச்சு வைக்க வேண்டும். செய்யலாம், ஆனால் வேலையும் எடையும் கூடும். மூன்று சக்கரம் எப்போதும் தரையில் படியும். ஆனால் திரும்பும்போது முன்மூலை வழியாகச் சாய்ந்துவிடும். நம் ஊர் மாட்டு வண்டியின் அமைப்பே இந்த நிலத்துக்கு மிகவும் பொருந்துகிறது: இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றின் அச்சுக்குச் சற்று முன்னால் பாரம், முன்னே நீண்ட ஏர்க்கால் போன்ற இழுகம்பி, நிறுத்தும்போது ஊன்ற ஒரு தாங்குகால். பாரம் ஏற்றும்போது முன்பாரமா பின்பாரமா என்று பெரியவர்கள் பார்த்து ஏற்றியது இதே கணக்குதான்.

ஆக்சிஜன் 62, எல்.பி.ஜி. வணிகச் சிலிண்டர் 38, இன்வெர்ட்டர் 10, கேபிளும் கருவிகளும் 35, சட்டமும் சக்கரமும் 40 என்று வைத்தால் வெளி வண்டி 185 கிலோ வரும். சக்கரத்தின் விட்டம் 42 செ.மீ. என்றால் அச்சு 21 செ.மீ. உயரத்தில் இருக்கும். தளத்தை அச்சுக்கு மேலே வைக்காமல், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்துங்கள். அப்போது எடை மையம் சுமார் 56 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த மையம் அச்சுக்கு 12 செ.மீ. முன்னால் விழும்படி பொருள்களை அடுக்கி, அச்சிலிருந்து 130 செ.மீ. தள்ளி இழுகம்பியின் கைப்பிடியை வைத்தால், சமதளத்தில் கையில் 17 கிலோ பாரம் தங்கும். 10 பாகை ஏற்றத்தில் அது 8 கிலோவாகக் குறையும்; அதே இறக்கத்தில் 25 கிலோவாகக் கூடும். இரண்டும் ஒரு மனிதர் தாங்கக்கூடியவை. தளத்தை அச்சுக்கு மேலே 45 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தால், அதே ஏற்றத்தில் கையில் 2, 3 கிலோதான் மிஞ்சும். பாதை இன்னும் கொஞ்சம் செங்குத்தானாலும் இழுகம்பி கையை விட்டு மேலே எழும்பி, வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். எனவே தளத்தைத் தாழ்த்துவதோடு, பின்னாலும் தரைக்குச் சற்று மேலே நிற்கும் இரண்டு குட்டைக் கால்களை ஒட்டிவிடுங்கள். மல்லாந்தாலும் அவை தடுத்து நிறுத்தும். சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ. அகலம் வையுங்கள். தோப்பு வாசல்கள் அதைவிட அகலமானவைதான்.

சக்கரத்துக்குப் புதிய சாமான் தேட வேண்டாம். பழைய ஸ்கூட்டரின் 3.50-10 டயர் ஏறத்தாழ 43 செ.மீ. விட்டம் வரும், ஆட்டோவின் 4.00-8 டயர் 40 செ.மீ. வரும், இரண்டும் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். 1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 தயாரிப்பு தொடங்கியதிலிருந்து மொபெட் இல்லாத ஊர் நம் மாவட்டங்களில் இல்லை என்பதால், 16 அங்குல மொபெட் சக்கரமும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மொபெட் சக்கரம் இரண்டு பக்கமும் கவையில் தாங்கப்படும் சக்கரம். அதன் ஊடே போவது 12 மி.மீ. அளவிலான அச்சு போல்ட்தான். அதை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் ஒட்டி, மறுபக்கம் அந்தரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 84 கிலோ, சட்டத்திலிருந்து சக்கரத்தின் நடு வரை 8 செ.மீ. நீட்டம் என்றால், 12 மி.மீ. கம்பியில் வளைவழுத்தம் சதுர மி.மீ.க்கு 390 நியூட்டனை நெருங்கும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250இலேயே வளைந்துவிடும். வண்டி நின்றபடியே அச்சு தொங்கிவிடும் என்பது இதன் பொருள். 20 மி.மீ. கம்பியில் அது 84 ஆகக் குறைகிறது. ஆனால் பள்ளத்தில் விழும் குலுக்கலில் பாரம் மூன்று மடங்காகும் என்று வைத்தால் அதுவும் விளிம்புக்கு வந்துவிடும். 25 மி.மீ. கம்பியில் 43தான், மூன்று மடங்கானாலும் பயமில்லை. ஆகவே மொபெட் சக்கரம் என்றால் இரு பக்கமும் தாங்கும் கவை செய்யுங்கள். ஸ்கூட்டர், ஆட்டோ ரிம் என்றால், 25 மி.மீ. அச்சுக்கேற்ற 6205 பேரிங் இரண்டு உட்காரும்படி லேத்தில் ஒரு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கடைந்து, ரிம்மை அதில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

அந்த அச்சுக் கம்பியைச் சட்டத்தின் முகப்பில் வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். 10 செ.மீ. இடைவெளியில் 8 மி.மீ. பிளேட் இரண்டு வைத்து, இரண்டிலும் துளையிட்டு, கம்பியை இரண்டின் ஊடேயும் செலுத்தி, இரு இடங்களிலும் சுற்றி ஒட்டுங்கள்; வளைவைப் பற்று தாங்காமல் பிளேட்டுகள் தாங்கும். கம்பிக்கு மைல்ட் ஸ்டீல் பிரைட் பாரே (வழுவழுப்பான, அளவு சரியான கம்பி) எடுங்கள். பழைய வாகன அச்சு கனமாக இருக்கிறது என்று எடுத்து ஒட்டுபவர்கள் உண்டு. இ.என். 8 போன்ற, 0.4 சதவீதம் கார்பன் உள்ள இரும்பைச் சூடேற்றாமல் ஒட்டினால், பற்றின் ஓரம் கெட்டியாகி, வெளியே தெரியாமல் விரிந்து, ஒரு நாள் ஒடிந்துவிடும். லாரியின் பட்டை ஸ்பிரிங்கை இழுகம்பிக் கொக்கியாக ஒட்டுவதும் அதே தவறு. இன்னும் இரண்டு எச்சரிக்கைகளை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். காற்று இறங்கியிருந்தாலும் வைக்காதீர்கள். உள்ளே சூடாகும் ரப்பரிலிருந்து எரியக்கூடிய ஆவி கிளம்பி டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரண்டு பாதிகளாகப் பிரியும் ஸ்கூட்டர் ரிம்மின் நட்டுகளைக் காற்றை முழுவதும் இறக்காமல் கழற்றாதீர்கள். பேரிங் மாட்டிய பிறகு சட்டத்தில் எங்காவது ஒட்ட நேர்ந்தால், எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியாகத் திரும்பினால் அதன் குண்டுகளில் குழி விழுந்துவிடும்.

டயரில் 20 பவுண்டு காற்று போதும். கல் போல ஊதினால் ஒவ்வொரு சரளையும் ரெகுலேட்டர் வரை அதிரும். ஏரிக்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள்தான் தொல்லை. அவர்கள் டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்ளலாம். திட ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது, ஆனால் எடையும் அதிர்வும் அதிகம்; சிலிண்டர் ஏற்றும் வண்டிக்கு அதை நான் விரும்புவதில்லை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீட்டருக்கு 3 கிலோ வரும் 40க்கு 40க்கு 5 ஆங்கிள், அல்லது 3 மி.மீ. கனமுள்ள 40 மி.மீ. ஸ்கொயர் டியூப், அடித்தட்டுக்கு 5 மி.மீ. செக்கர் பிளேட், வளையங்களுக்கு 40க்கு 5 பட்டை. மூலைகளை முதலில் புள்ளிப் பற்று வைத்து நிறுத்தி, குறுக்கு மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவா என்று பார்த்த பிறகு முழுப் பற்று வையுங்கள். ஜி.ஐ. பைப்பைப் பயன்படுத்தினால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். டியூபின் வாயை அடைத்தால் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள். அடைபட்ட டியூப் மழைக்காலத்தில் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

சிலிண்டரைக் கட்டும் முறையில்தான் என் கவனம் எப்போதும் நிற்கும். அடியில் 10 செ.மீ. உயரமுள்ள பட்டை வளையம் அல்லது பெட்டி, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு சங்கிலி, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இன்னொரு சங்கிலி, இரண்டையும் இழுத்துப் பிடிக்கத் திருகு கொக்கி. கயிறும் பெல்ட்டும் ஒரு பொறியில் கருகிவிடும். இரண்டு சிலிண்டர்கள் ஏற்றும் வண்டியில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கிலி வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது அவிழக் கூடாது. எல்.பி.ஜி. சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். சாய்த்தால் திரவமே ஹோஸுக்குள் வந்துவிடும். நாளைக்கு அசிட்டிலின் சிலிண்டருக்கு மாறினாலும் அதுவே விதி: அதற்குள் இருக்கும் அசிட்டோன் சாய்ந்தால் வால்வுக்கு வரும். ஆகவே இழுக்கும்போது தளம் மட்டமாக நிற்கும் உயரத்தில் கைப்பிடியை வளைத்து அமையுங்கள். கரட்டுப் பாதையில் நகர்த்தும்போது, பத்து அடி தூரமானாலும், இரண்டு வால்வையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியை மாட்டிவிடுங்கள். ரெகுலேட்டர்களை வைக்கக் கோணி விரித்த பெட்டி ஒன்றை வண்டியிலேயே செய்துகொண்டால் இந்தப் பழக்கம் தானாக வரும். 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளும், சிலிண்டரைத் தரையில் இழுக்கவோ கீழே போடவோ கூடாது, இயன்றவரை போதிய வலுவுள்ள தள்ளுவண்டியில் நகர்த்த வேண்டும் என்ற முறையைத்தான் சொல்கின்றன. வீட்டுச் சமையல் சிலிண்டரைக் கட்டிங்குக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிகச் சிலிண்டரின் அடி விட்டத்தை அளந்து அதற்கே பெட்டி செய்யுங்கள்.

சக்கரமும் ஆக்சிஜனும் ஒரே வண்டியில் இருப்பதால் வரும் ஓர் ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த கையோடு, அல்லது அந்தக் கையுறையோடு, ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. அழுத்தமுள்ள ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீஸும் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். கிரீஸ் டப்பாவை அந்த வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அச்சுக்குக் கிரீஸ் வைப்பது சிலிண்டர் இறக்கிய பிறகு, பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

மின்சாரமும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆர்க் மெஷினின் ஹோல்டரைச் சட்டத்தில் ஒட்டிய இரும்புக் கொக்கியில் தொங்கவிட்டு, வண்டியின் வேறொரு பகுதி ஒட்டும் பொருளில் பட்டுக்கொண்டிருந்தால், சட்டமே சுற்றின் பகுதியாகிவிடும். சிலிண்டரின் மேல் ஆர்க் விழலாம். ஆர்க் விழுந்த சிலிண்டர் அந்த இடத்தில் பலவீனமாகிவிடுவதால் அதை மறுபடியும் நிரப்பக் கொடுக்கவே கூடாது. ஹோல்டருக்கு மரக்கட்டையில் கொக்கி வையுங்கள். சிலிண்டரின் அடியிலும் முதுகிலும் பழைய லாரி டியூபை வெட்டி விரித்து, சங்கிலியின் மேலும் ஹோஸ் துண்டைச் செருகிவிட்டால், சிலிண்டர் எங்கும் சட்டத்தைத் தொடாது.

கேபிளுக்கு வண்டியின் இரு பக்கமும் தனித்தனிக் கொக்கிகள் வேண்டும். ஹோஸ் ஒரு பக்கம், வெல்டிங் கேபிள் மறுபக்கம். மோட்டார் ரூமிலிருந்து 50 மீட்டர் கரண்ட் இழுக்க நேர்ந்தால், 2.5 சதுர மி.மீ. கேபிளில் 25 ஆம்பியர் ஓடும்போது 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. கேபிளில் 12 வோல்ட் போகும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக வரும் ஊர்களில் இந்த 8 வோல்ட் வித்தியாசம்தான் ராடு பற்றுவதற்கும் ஒட்டிக்கொள்வதற்கும் இடையே நிற்கும். வேலை செய்யும்போது கேபிளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருளாகவே விட்டால் சூடேறி உறை உருகும். இன்வெர்ட்டரின் பின்பக்க விசிறிக்கு ஒரு சாண் இடம் விட்டு, கிரைண்டர் வைக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக அதைத் திருப்பி வையுங்கள். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை விசிறி உள்ளே இழுத்தால், பலகையில் படிந்து மெஷினையே எரித்துவிடும். குவாரியின் கல் தூள் உள்ளே படிந்தால் சூடு வெளியேறாது. 2 கிலோ உலர் பொடித் தீயணைப்பான் ஒன்றை, சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், கைப்பிடிக்கு அருகில் மாட்டுங்கள். மாசி முதல் வைகாசி வரை தோப்பில் காய்ந்து கிடக்கும் சருகுக்கு ஒரு பொறி போதும்.

வண்டி முடிந்ததும் நிரம்பிய சிலிண்டரை ஏற்றிச் சோதிக்க வேண்டாம். காலிச் சிலிண்டரைச் சங்கிலியிட்டு நிறுத்தி, குறையும் எடைக்கு மணல் மூட்டையைத் தளத்தில் கட்டி, பட்டறை வாசலிலேயே ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். 90 செ.மீ. அகல வண்டியில் ஒரு சக்கரம் 30 செ.மீ. உயர்ந்தால் அது ஏறத்தாழ 19 பாகைச் சாய்வு. அந்த நிலையில் மேல் பக்கச் சக்கரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். எளிதாகத் தூக்க வந்தால் அகலம் போதவில்லை, அல்லது தளம் உயரமாக இருக்கிறது. பிறகு அதே பாரத்தோடு, ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து அதன் மேல் வண்டியை பத்து முறை ஏற்றி இறக்குங்கள். சங்கிலி தளர்கிறதா, அச்சுப் பிளேட்டின் பற்று ஓரத்தில் பெயிண்ட் விரிகிறதா என்று பார்ப்பதற்காகவே, முதல் பூச்சாக ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து வையுங்கள். மேல் பூச்சு ஒரு மாதம் ஓடிய பிறகு அடித்தால் போதும்.